ஊரடங்கில் சும்மா நிற்கும் இரண்டு சவாரிக் குதிரைகள்: தீனி, லாடம், உண்ணி, வெயில்

எலஹங்கா_லாயம்
13 மே 2021, காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். எலஹங்காவுக்கு வடக்கே தோட்டத்துக்குள் சின்ன லாயம். இரண்டு குதிரைகள், இரண்டும் சவாரிக்குத்தான். ஒன்று பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனப் பெட்டை, 11 வயது. இன்னொன்று காயடித்த மார்வாரி இன ஆண், 8 வயது. ஏப்ரல் 27 இரவிலிருந்து சேணம் ஏறவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு சைஸ்களில் (லாயக்காரர்களில்) ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், இருப்பவர் ஒருவர்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் தீனி: ஓட்ஸ் 4 கிலோ, வேகவைத்த கொள்ளு 1 கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ, காய்ந்த ரோட்ஸ் புல் 5 கிலோ. புல் கொண்டுவருபவர் இப்போது வருவதில்லை, கையிருப்பு சுமார் 200 கிலோ. தீவனக் கடை காலை 6 முதல் 10 வரைதான், ஓட்ஸும் கிடைப்பது சிரமம். பக்கத்து மாட்டுப் பண்ணையில் குச்சித் தீவனம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, கம்பு நேப்பியர் புல்லும் வெட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

கேள்விகள்:
ஓட்ஸுக்குப் பதிலாக மாட்டுக் குச்சித் தீவனம் கொடுக்கலாமா? நேப்பியர் எவ்வளவு கொடுக்கலாம்?
லாடம் அடித்தது மார்ச் 31. நால்பந்த் (லாடம் அடிப்பவர்) எப்போது வருவார் என்று தெரியவில்லை. எத்தனை நாள் தாங்கும்?
பிடரி அடியிலும் காதிலும் உண்ணி. பண்ணையில் மாட்டுக்கு அடிக்கும் மருந்தையே தெளிக்கலாம் என்கிறார்கள்.
தகரக் கூரை. மதியம் 3 மணிக்குப் பெட்டை நிமிடத்துக்கு 40 முறை மூச்சு வாங்குகிறது, மேல் தோல் காய்ந்தே இருக்கிறது. மார்வாரி வியர்வையில் நனைந்து நிற்கிறது, ஆனால் அவ்வளவு இளைப்பு இல்லை.
சைஸுக்குக் கொரோனா வந்தால் குதிரைக்கு ஒட்டுமா? குதிரையிடமிருந்து ஆளுக்கு?

கொள்ளுப்பை
13 மே 2021, காலை 7.42

மற்றதை அப்புறம் பேசலாம், முதல்ல ரெண்டு விஷயம், உடனே சைஸுக்கு போன் போட்டுச் சொல்லிடுங்க.

ஒண்ணு, அந்தக் குச்சித் தீவனத்தைக் குதிரை வாயில வைக்கவே கூடாது. மாட்டுத் தீவனம் சிலதுலயும் கோழித் தீவனம் நிறையவற்றுலயும் மொனென்சின்னு ஒரு மருந்து கலந்திருப்பாங்க. மாட்டுக்கு அது நல்லது. குதிரைக்கு இதயத் தசையை அழிச்சிடும். உடல் எடையில கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே உயிர் போகலாம், மாற்று மருந்து கிடையாது. மூட்டைமேல அந்தப் பேர் இல்லைன்னாலும் நம்ப முடியாது, ஒரே ஆலையில ஒரே எந்திரத்துல அரைக்கிறப்போ கலந்துடும். குதிரைத் தீவனம் கிடைக்கலைன்னா தானியமே இல்லாம விட்டுடுங்க. சும்மா நிக்கிற குதிரை புல்லை மட்டும் தின்னு நல்லாவே இருக்கும்.

ரெண்டு, உண்ணி மருந்து. பாட்டில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பார்த்தீங்களா? அமிட்ராஸ்னு இருந்தா மூடி வெச்சிடுங்க. மாடு, நாய்க்கு அடிக்கிறதுதான். குதிரைக்குத் தோல் வழியா உள்ள போய்க் குடல் அசைவையே நிறுத்திடும், லத்தி பெருங்குடல்ல கெட்டியாகி அடைச்சுக்கும். தெளிச்சு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வர்ற வயித்துவலிங்கிறதால பல பேருக்கு மருந்துமேல சந்தேகமே வராது.

எலஹங்கா_லாயம்
13 மே 2021, காலை 8.15

பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அமிட்ராஸ் 12.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இன்று மாலை தெளிப்பதாக இருந்தார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டேன். மிக்க நன்றி.

தீவனக்கணக்கு
13 மே 2021, பிற்பகல் 1.30

தீனிக் கணக்கை நான் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தருவது தீவனத் தட்டுப்பாடு இல்லை. இரண்டு வாரமாக வேலையே இல்லாத குதிரைக்கு 4 கிலோ ஓட்ஸ் இன்னும் போய்க்கொண்டிருப்பதுதான். முழுத் தீனியோடு ஓய்வில் நிறுத்திய குதிரையைத் திடீரென வேலைக்கு எடுத்தால் முதுகு, தொடைத் தசைகள் கட்டையாக இறுகிப்போய் அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். ஞாயிறு ஓய்வு முடிந்து வேலைக்குப் போகும் வண்டிக் குதிரைகளுக்கு வந்ததால் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே சொல்வார்கள். நின்றபடியே இருந்தாலும் மாவுச்சத்து மிகுந்தால் குளம்புக்குள் வீக்கம் வரும். அது தானிய இருப்பறையின் கதவு திறந்திருந்த ஒரே இரவிலும் வரலாம், ஆகவே அங்கே ஒரு பூட்டு வேண்டும்.

முதலில் எடை. எடைமேடை தேவையில்லை, தையல் டேப் போதும். முன்கால்களுக்குப் பின்னால், பிடரி முடியும் மேட்டைச் சுற்றி மார்பளவு, தோள்முனையிலிருந்து பின்தொடையின் எலும்பு முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். மார்பளவை மார்பளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. மார்பு 183, நீளம் 160 என்றால் 451 கிலோ. மார்பு 168, நீளம் 150 என்றால் 356 கிலோ. மூச்சை வெளியே விடும்போது அளக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே ஆள், ஒரே நேரம்.

உலர் எடைக் கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நார்த்தீவனம் ஒரு நாளைக்கு வேண்டும். 450 கிலோ குதிரைக்கு 7 முதல் 9 கிலோ. நீங்கள் கொடுக்கும் 5 கிலோ காய்ந்த புல்லில் உலர் எடை நாலரை கிலோதான். அதாவது புல் குறைவு, தானியம் அதிகம், தலைகீழாக இருக்கிறது.

ஓட்ஸைக் குறைப்பதற்கு நாள் பார்க்க வேண்டாம், இன்று மாலையே 1 கிலோவாக்கலாம். தானியத்தைக் குறைப்பது அன்றே செய்யலாம். புதுத் தீவனத்தைச் சேர்ப்பதுதான் 7 முதல் 10 நாள் எடுக்க வேண்டிய வேலை. பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும்.

நேப்பியர் பச்சையாக இருக்கும்போது ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 20 கிலோ வெட்டிப் போட்டாலும் உலர் எடை 4 கிலோதான். கைக்குத் தெரியும் கனத்தை நம்பி ஏமாறக் கூடாது. முதல் நாள் 3 கிலோ, அப்புறம் தினம் 2 கிலோ கூட்டினால் பத்தாவது நாளில் 20 கிலோவை எட்டலாம். அந்தக் கட்டத்தில் பெட்டைக்கு நேப்பியர் 20, காய்ந்த புல் 5 கிலோ. மார்வாரிக்கு நேப்பியர் 18, காய்ந்த புல் மூன்றரை. அதுவரை காய்ந்த புல்லை இருவருக்கும் ஒரு கிலோ கூட்டிக் கொடுங்கள்.

கணக்குப்படி 200 கிலோ இன்னும் மூன்று வாரம்கூட வராது, ஆகவே இப்போதே கேழ்வரகுத் தாள் தேடுங்கள். தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் பக்கம் கிராமங்களில் கிடைக்கும், நெல் வைக்கோலைவிடச் சத்தும் மென்மையும் உண்டு. காய்ந்த புல்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதை வைக்க வேண்டாம். நெல் வைக்கோல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் இன்னும் குறைவாக. தண்ணீர் குறைந்த நாளில் அது குடலில் உருண்டையாகிவிடும். பெட்டைக்குப் பல் தேய்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் வைக்கோலே வேண்டாம்.

நேப்பியரில் கவனிக்க வேண்டியவை. ஆள் உயரத்துக்கு மேல் முற்றி, தண்டு கரும்பு மாதிரி ஆனது வேண்டாம். எந்திரத்தில் வெட்டினால் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், பொடியாக வெட்டியதை மெல்லாமல் விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெட்டியதைக் குவித்து வைத்தால் இந்த வெயிலில் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் தெரியும், வெதுவெதுப்பாக இருந்தால் மாட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். பண்ணையில் நேப்பியரோடு சோளத்தட்டை கலந்து வெட்டுவது வழக்கம். குதிரைக்குச் சோளம் ஆகாது. தொடர்ந்து தின்றால் சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், பின்கால் தள்ளாடும், இளம் சோளத்தில் சயனைடு வேறு. தனியாக வெட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிப் புளிக்கவைத்த பச்சைத் தீவனமான சைலேஜும் வேண்டாம்.

தவிட்டை நிறுத்துங்கள். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் எட்டு, பத்து மடங்கு அதிகம். நேப்பியரில் உள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் எலும்பு மெலிந்து முகம் வீங்கும். குதிரைமசால் காய்ந்தது ஒரு கிலோ கிடைத்தால் அதுவே ஈடு. கிடைக்காவிட்டால் தீவனத் தரமுள்ள கால்சியம் கார்பனேட் தூள் 30 கிராம். வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் அது அல்ல, வாயும் குடலும் வெந்துவிடும்.

கொள்ளு அரை கிலோ போதும், ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, அன்றைக்கே முடித்துவிட வேண்டும். உப்பு நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டி, 30 கிராம் சொச்சம், கொள்ளில் கலந்து. இந்துப்புக் கட்டி தொங்கவிட்டிருந்தாலும் இதைக் கொடுங்கள், நக்குவது போதாது. தண்ணீரைத் தொட்டியில் திறந்துவிட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. இருபது லிட்டர் வாளியில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். இந்த மாதத்தில் பெட்டை 40 லிட்டருக்குக் குறைந்தால் அன்றே காரணம் தேட வேண்டும்.

ஒரே ஆள் என்பதால், ஒவ்வொரு வேளைத் தீனியையும் எடை போட்டுக் குதிரையின் பெயர் எழுதிய பையில் நீங்கள் போகும் நாளில் கட்டி வைத்துவிடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்து வேறு ஆள் நின்றாலும் தீனி மாறாது.

அரமும்_இடுக்கியும்
13 மே 2021, இரவு 9.05

லாடத்துக்கு வருவோம். இன்னிக்கு 43 நாள் ஆச்சு. ஆறு வாரம் கணக்கு, சும்மா நிக்கிற குதிரைன்னா லாடம் இறுக்கமா இருக்கிறவரைக்கும் எட்டு வாரம் போகலாம். ஆனா நாளை எண்ணாதீங்க, குளம்பைப் பாருங்க. ஆணி வெளியே வந்து மடிச்ச இடம் இருக்கே, அதை விரலால தடவினா சட்டையில மாட்டுற மாதிரி தூக்கியிருந்தா தளர்ந்திடுச்சுன்னு அர்த்தம். குளம்பு வளர வளர லாடம் முன்னாடி இழுபட்டு, பின்முனை ரெண்டும் குதிகால் சுவருக்கு உள்ளே இறங்கி அடிப்பாதத்தை அழுத்தும். அப்படி அழுத்தினா கழட்டிடணும். லாடத்தைக் கையால ஆட்டினா டக் டக்னு சத்தம் வந்தாலும் கழட்டிடணும். பாதி கழண்ட லாடம்தான் எல்லாத்தையும்விட மோசம், அது திரும்பி ஆணிமேலயே மிதிச்சா காலே போயிடும்.

நாலையும் கழட்டி வெறும் குளம்போட விடுறது நல்ல யோசனைதான், மார்வாரிக்கு நிச்சயமா. தரோபிரெட்டுக்கு அடிப்பாதம் மெல்லிசு. முதல்ல பின்கால் ரெண்டை மட்டும் கழட்டி மண் தரையில ஒரு வாரம் விட்டுப் பாருங்க.

கழட்ட வேண்டிய முறை. சைஸ் தலைக்கயிறைப் பிடிச்சுக்க இன்னொருத்தர் வேணும், அது நீங்கதான். லாட இடுக்கி இல்லைன்னா தச்சர் வெச்சிருக்கிற பெரிய ஆணி பிடுங்கும் இடுக்கி ஆகும். வேற ஒரு அரம், சுத்தியல், மழுங்கின தட்டை உளி. முதல் வேலை மடிப்பு ஆணிகளை நிமிர்த்துறது. உளியை மடிப்புக்கு அடியில வெச்சு மெதுவாத் தட்டினா நிமிரும், இல்லைன்னா அரத்தால அந்த மடிப்பை மட்டும் ராவி எடுத்திடலாம். இதைச் செய்யாம இழுத்தா மடிப்பு குளம்புச் சுவரைப் பிச்சுக்கிட்டு வரும், அப்புறம் நால்பந்த் வந்து அடிக்க ஆணிக்கு இடமே இருக்காது.

அப்புறம் இடுக்கியைக் குதிகால் பக்கம் ஒரு முனையில லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவுல நுழைச்சு, கைப்பிடியைக் குளம்பு நுனி நோக்கி, கொஞ்சம் உள்பக்கமா அழுத்தணும். வெளிப்பக்கமா முறுக்கவே கூடாது. கொஞ்சம் தூக்கினதும் மறுமுனைக்குப் போங்க. அது, இது, அது, இதுன்னு மாத்தி மாத்திப் பின்னாலிருந்து முன்னால வரணும். லாடம் கொஞ்சம் எழும்பினதும் சுத்தியலால திரும்பத் தட்டிவிட்டா ஆணித் தலை வெளியே நிக்கும், ஒவ்வொண்ணாப் பிடுங்கிடலாம். மெல்லிசுக் குளம்புக்கு இதுதான் நல்லது.

கழட்டினதும் ஆணிகளை எண்ணுங்க. ஆறு அடிச்சிருந்தா ஆறும் கையில இருக்கணும். ஒண்ணு குறைஞ்சா அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் குதிரையை அந்த இடத்துல நிறுத்தாதீங்க, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்துல கட்டிப் படுக்கையில இழுத்தா மாட்டிக்கும். கடைசியா, குளம்பு விளிம்பை அரத்தால சுத்தி 45 டிகிரி சாய்வா உருட்டிவிடுங்க, கூர் விளிம்பு இருந்தா சில்லு சில்லாப் பெயரும். அடிப்பாதத்துலயும் நடுவுல இருக்கிற முக்கோணத்துலயும் கத்தியே படக்கூடாது. முதல் தடவை செய்யறீங்கன்னா உங்க நால்பந்தை வீடியோ கால்ல வெச்சுக்கிட்டு செய்யுங்க, அவருக்கு அந்த நேரத்துக்குக் காசும் அனுப்புங்க, ரெண்டு வாரமா வேலையில்லாம இருப்பார்.

தெர்மாமீட்டர்
14 மே 2021, காலை 6.20

நான் கால்நடை மருத்துவர். நான்கு விஷயங்கள் மட்டும்.

பெட்டை மதியம் 40 மூச்சு, தோல் காய்ந்திருக்கிறது, அதே கூரைக்குக் கீழ் மார்வாரி நனைந்து நிற்கிறது. இந்த ஒப்பீடு முக்கியமானது. வெப்ப நாடுகளில் தரோபிரெட்களுக்கு வியர்வை நின்றுபோகும் கோளாறு வருவதுண்டு. பிடரி அடியிலும் சேணம் படும் இடத்திலும் மட்டும் லேசாக வியர்ப்பது, நெற்றியில் முடி கொட்டுவது, தோல் செதில் செதிலாவது ஆகியவை துணை அறிகுறிகள். தோலுக்குள்ளேயே டெர்பியூட்டலின் ஊசி போட்டு வியர்க்கிறதா என்று பார்க்கும் சோதனை உண்டு, உங்கள் மருத்துவர் வரும்போது கேளுங்கள். நிச்சயமான மருந்து என்று எதுவும் இல்லை. குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் சிகிச்சை. காலை 9-க்கு மேல் மாலை 5 வரை அந்தக் குதிரை வெயிலில் நிற்கக் கூடாது, நீளக் கயிற்றில் வட்டமாக ஓட்டவும் கூடாது.

இன்று மதியம் 3 மணிக்கு ஆசனவாயில் வெப்பநிலை பாருங்கள். தெர்மாமீட்டரில் நூல் கட்டி, மறுமுனையில் துணிக் கிளிப் மாட்டி வாலில் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். ஓய்வில் 99 முதல் 101 ஃபாரன்ஹீட் இயல்பு, நாடி 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. வெப்பநிலை 103-ஐத் தாண்டினால் கழுத்து, மார்பு, முதுகு, தொடை என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், கூடவே விசிறி. ஒரு வாளி ஊற்றிவிட்டு நிற்பதால் பயனில்லை. குளிர்ந்த நீர் தசையைப் பிடித்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஊற்றி முடித்ததும் காலையும் குளம்பையும் துடைத்து உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள், தினமும் ஈரத்தில் நின்றால் குளம்பு ஊறி லாட ஆணி தளரும்.

தகரத்துக்கு மேல் ஒரு அடி இடைவெளி விட்டு 75 சதவீத நிழல் வலை கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன் கூட இல்லை, நடுவில் காற்று ஓட வேண்டும். விசிறியும் வயரும் குதிரை வாய்க்கு எட்டாத உயரத்தில், வயர் குழாய்க்குள், இணைப்பில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம். ஈரத் தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கும் பிராணி அது. காற்றின் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எடுத்து அதோடு ஈரப்பத சதவீதத்தைக் கூட்டுங்கள். 130-க்குள் இருந்தால் உடல் தானே குளிரும், 150-க்கு மேல் கவனம், 180-க்கு மேல் எந்த வேலையும் வேண்டாம். பெங்களூரு மே மாதத்தில் உச்சி வெயிலைவிட, மாலை இடி மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரம் மோசமாக இருக்கலாம். 95 டிகிரியில் ஈரப்பதம் 30 என்றால் 125தான். மழைக்குப் பின் 84 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் 164.

இரண்டாவது, வயிற்றுவலி. தீனி மாறும் இந்தப் பத்து நாள்தான் ஆபத்து. லத்தி எத்தனை முறை என்று சுவரில் கோடு போடச் சொல்லுங்கள், எட்டு முதல் பன்னிரண்டு வரை இருக்க வேண்டும். விலாவைத் திரும்பிப் பார்ப்பது, மண்ணைப் பறிப்பது, மேலுதட்டைச் சுருட்டுவது, படுத்து எழுவது கண்டால் உடனே தீனியை எடுத்துவிட்டு எனக்கோ உங்கள் மருத்துவருக்கோ வீடியோ அனுப்புங்கள். ஈறின் நிறம் ஒரு படம். ஈறை விரலால் அழுத்தி விட்டதும் சிவப்புத் திரும்ப எத்தனை நொடி, இரண்டுக்குள் இருக்க வேண்டும். இடுப்புக்கு முன்னால் பக்கத்துக்கு மேல், கீழ் இரண்டு இடமாக நான்கு இடத்தில் காதை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் கேளுங்கள். சத்தமே இல்லாதது, இரைச்சலாக இருப்பதைவிடக் கெட்ட செய்தி. மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றும் வைத்தியத்தை யாரும் செய்ய விடாதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் போய்விடும். ஃப்ளூனிக்சின் என்ற வலி மருந்து கையிருப்பில் இருந்தாலும் தசையில் குத்த வேண்டாம், அந்தத் தசை அழுகலாம். கால்நடை மருத்துவமனைகளுக்கு ஊரடங்கில் விலக்கு உண்டு. ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி எண்ணை இப்போதே லாயச் சுவரில் எழுதி வையுங்கள், ராத்திரி இரண்டு மணிக்குத் தேட வேண்டாம்.

மூன்றாவது, கொரோனா. குதிரையிலிருந்து மனிதருக்குப் பரவியதற்கு ஆதாரம் இல்லை. குதிரைகளுக்கென்று தனியாக ஒரு கொரோனா வைரஸ் உண்டு, அது குடல் நோய், இதோடு சம்பந்தமில்லை. ஆபத்து ஆளுக்கு ஆள்தான். கடிவாளக் கயிறு, கதவுத் தாழ்ப்பாள், குழாய் ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். சேணத்தில் சானிடைசர் அடிக்காதீர்கள், ஆல்கஹால் தோலை வறட்டி வெடிக்க வைக்கும், கிளிசரின் சோப்பு போதும். கையில் சானிடைசர் காயாமல் குதிரையின் மூக்கருகே போக வேண்டாம். குதிரைப் புழுவுக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட்டை ஆட்கள் சாப்பிடுவதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு குழாயில் அரை டன் குதிரைக்கான அளவு இருக்கிறது, பூட்டி வையுங்கள்.

நான்காவது, உண்ணி. காதுக்குள், பிடரி அடி, வால் அடி, தொடையிடுக்கு, அக்குள் என்று தேடி முள்வாங்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். குதிரைக்கென்று விற்கும் பெர்மெத்ரின் பூச்சி மருந்து கிடைத்தால் அதைப் பயன்படுத்தலாம். ஈறு மஞ்சளாகி, காய்ச்சலோடு சிறுநீர் கருத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே ரத்தப் பரிசோதனை.

எலஹங்கா_லாயம்
19 மே 2021, மாலை 6.40

நேப்பியர் ஆறாம் நாள். பெட்டைக்கு 13 கிலோவில் லத்தி மாட்டுச் சாணி மாதிரி தளர்ந்துவிட்டது, பசி நன்றாக இருக்கிறது, வெப்பநிலை 100.2. மார்வாரிக்கு ஒன்றும் இல்லை. நிறுத்தவா?

தீவனக்கணக்கு
19 மே 2021, மாலை 7.25

நிறுத்த வேண்டாம். நான் சொன்ன வேகம் இந்தக் குதிரைக்கு அதிகம். 9 கிலோவுக்கு இறக்கி, காய்ந்த புல்லை ஒன்றரை கிலோ கூட்டி மூன்று நாள் அங்கேயே நில்லுங்கள். லத்தி மறுபடி உருண்டையானதும் தினம் ஒரு கிலோ மட்டும் ஏற்றுங்கள். பச்சையைப் போடுவதற்கு முன் காய்ந்த புல் கொஞ்சம் வயிற்றில் இருக்கட்டும். வெட்டியதை நிழலில் மூன்று மணி நேரம் மெலிதாகப் பரப்பி வாடவிட்டுப் போடுங்கள். தண்ணீர் போல ஆனாலோ, 101.5 தாண்டினாலோ மருத்துவர்.

எலஹங்கா_லாயம்
15 ஜூன் 2021, காலை 8.00

நேற்றிலிருந்து ஊரடங்கில் தளர்வு. நால்பந்த் வியாழக்கிழமை வருகிறார். பின்கால் லாடங்கள் கழட்டியது இருவருக்கும் ஒத்துப்போனது. ஏழு வாரம் சேணம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள், தினம் காலை இருபது நிமிடம் கையில் பிடித்து நடத்தியது மட்டும்தான். எப்படித் திரும்ப ஆரம்பிப்பது?

தெர்மாமீட்டர்
15 ஜூன் 2021, பிற்பகல் 2.10

மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் நாள் ஆகும், அவற்றைத்தான் பார்க்க வேண்டும். முதல் வாரம் ஏறி அரை மணி நேரம் நடை மட்டும், சமதரையில். இரண்டாம் வாரம் 40 நிமிடம், நடுவில் இரண்டு நிமிடத் துள்ளோட்டம் (ட்ராட்) மூன்று முறை. மூன்றாம் வாரம் அதையே ஐந்து முறை. நான்காம் வாரம்தான் பாய்ச்சல் (கேண்டர்), அதுவும் நேர்கோட்டில், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். வட்டத்தில் ஓட்டினால் விட்டம் 15 மீட்டருக்குக் குறையாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திசை மாற்றி. ஓட்ஸை முன்கூட்டி ஏற்றாதீர்கள். வேலை கூடி ஒரு வாரம் கழித்து அரை கிலோ, ஓய்வு நாளின் முந்தைய இரவே அதைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

பெட்டையை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். இறங்கிய பத்து நிமிடத்தில் மூச்சும் அரை மணியில் வெப்பநிலையும் இயல்புக்கு வரவில்லை என்றால் அடுத்த நாள் பாதி வேலை.

அரமும்_இடுக்கியும்
15 ஜூன் 2021, இரவு 8.45

லாடம் அடிச்ச அன்னிக்கே ஏறாதீங்க, ஒரு நாள் விடுங்க. ஆணி உள்ளே நெருக்கமா இறங்கியிருந்தா மறுநாள்தான் நொண்டும், குளம்பும் சூடா இருக்கும். அப்புறம் சேணம். ஏழு வாரத்துல முதுகுத் தசை வத்தியிருக்கும், வயிறு இறங்கியிருக்கும். வயிற்றுவார் பழைய ஓட்டையில சரியா இருக்குன்னு போட்டுட்டு ஏறினா சேணம் முன்னாடி சரிஞ்சு பிடரி மேட்டுல உக்காரும். போர்வை இல்லாம வெறும் சேணத்தை வெச்சு, மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவுல மூணு விரல் போகுதான்னு பாருங்க. போகலைன்னா முன்னாடி கனமா ஒரு பஞ்சுத் திண்டு வெச்சு, முதல் சவாரி பதினஞ்சு நிமிஷத்துல இறங்கி, முதுகை உள்ளங்கையால ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க. வியர்வை ஈரத்துக்கு நடுவுல காய்ஞ்ச திட்டு இருந்தா அந்த இடத்துலதான் அழுத்துது.